சுடுதளம் ஏற்கும் தோட்டா

துப்பாக்கி என்றவுடன் ஆசை கொள்வாரும் உளர்; அச்சம் கொள்வாரும் உளர். அதனைப் பற்றி அமைதியாக எண்ணிப் பார்ப்பாரோ நம்மிடையே மிகச் சிலர். ஆயினும் இக்காலத்தில் குறிபார்த்துச் சுடுதல் ஒரு விளையாட்டாக வளர்ந்து வருகின்றது. 2008-ஆம் ஆண்டு பீகிங் ஒலிம்பிக் பந்தயத்தில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் காற்றுத்துப்பாக்கியில் தங்கப் பதக்கம் பெற்றார். 2012-ஆம் ஆண்டு லண்டனில் அதே பந்தயத்தில் வெண்கலம் பெற்ற ககன் நாரங் சென்னையிற் பிறந்தவர். 2024-ஆம் ஆண்டு பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் பெற்றார். இச்செய்திகளைப் படித்த மாணாக்கர் பலர், தேசிய மாணவர் படையில் .22 ரைபிளைக் கையில் ஏந்திப் பழகிய மாணாக்கர் சிலர், 'யாமும் சுடுதளத்திற்குச் செல்லலாமோ? எத்தகைய தோட்டா கொண்டு செல்ல வேண்டும்?' என்று எம்மை வினவுகின்றனர். அவ்வினாவிற்கு விடையாக இக்கட்டுரையை எழுதலானோம்.

வினா சிறிது, விடை சிறிதன்று. கடையில் கிடைப்பது எல்லாம் சுடுதளத்தில் ஏற்கப்படுவதில்லை. துப்பாக்கியின் வாயில் நுழைவது எல்லாம் அதனுள் இடத் தக்கதும் அன்று. காரணம் அறியாமல் விதியை மட்டும் மனனம் செய்பவன், காவலர் முகம் திரும்பியவுடன் அதனை மீறுவான். காரணம் அறிந்தவனுக்குக் காவலர் வேண்டுவதில்லை. ஆகலின் விதிகளை அடுக்காமல், காரணங்களை முதற்கண் ஆராய்வோம்.

தோட்டாவின் உறுப்புகள்

தோட்டா என்பது ஒரு பொருளன்று. நான்கு பொருள்களின் சேர்க்கை. வெளியே காண்பது பித்தளையாலோ எஃகாலோ ஆகிய கூடு. அதன் அடியில், தட்டினால் தீப்பற்றும் பொருள் உளது. அதனைக் கேப்பு என்பர். கூட்டின் உள்ளே வெடிமருந்து. வாயில் செருகியிருப்பது குண்டு. நான்கனுள் குழலை விட்டுப் புறப்பட்டு இலக்கை நோக்கிச் செல்வது குண்டு ஒன்றே. எனவே சுடுதளத்தார் பெரிதும் கேட்பது, 'குண்டு எதனால் ஆயது? எவ்வளவு விரைவாகச் செல்வது?' என்னும் இரண்டு வினாக்களே.

.22 லாங் ரைபிள் என்னும் சிறு தோட்டாவில் கேப்பு தனியே இராது. கூட்டின் விளிம்பிலேயே தீப்பற்றும் பொருள் பூசப்பட்டிருக்கும். ஊசி விளிம்பில் அடிக்க மருந்து பற்றும். காற்றுத்துப்பாக்கிக்கோ கூடும் இல்லை, மருந்தும் இல்லை. அமுக்கிய காற்றே ஈய ரவையைத் தள்ளுகின்றது.

ஒரு சிறு கணக்கு

பௌதிக வகுப்பிற் பயின்றதை ஈண்டு நினைவு கூர்வோம். ஓடும் பொருளின் ஆற்றல், அதன் நிறையிற் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. பந்தயக் காற்றுத்துப்பாக்கியின் ரவை ஏறத்தாழ 0.53 கிராம் நிறையுடையது. வினாடிக்கு 175 மீட்டர் அளவில் செல்வது. கணக்கிட்டால் சுமார் 8 ஜூல். .22 லாங் ரைபிளின் குண்டு 40 கிரெயின், அஃதாவது 2.6 கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 330 மீட்டர். ஆற்றல் சுமார் 140 ஜூல். பழைய .303 ரைபிளின் குண்டு 174 கிரெயின், அஃதாவது 11.3 கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 744 மீட்டர். ஆற்றல் சுமார் 3,100 ஜூல்.

நிறையில் .303 குண்டு .22 குண்டைப் போல நான்கு மடங்கிற்குச் சற்று மிகுதி. ஆற்றலிலோ இருபத்திரண்டு மடங்கு. வேகத்தின் வர்க்கம் செய்யும் வேலை இது. காற்றுத்துப்பாக்கியின் ரவையைத் தகரப் பெட்டியும் கித்தானும் தடுத்து நிறுத்தும். .22 குண்டிற்குச் சாய்த்து நாட்டிய எஃகுத் தகடோ மணலோ மண்மேடோ வேண்டும். .303 போன்றவற்றிற்கு உயர்ந்த பெருமேடும், அதற்கு அப்பால் ஆளில்லா நிலமும் வேண்டும். ஒவ்வொரு சுடுதளமும் ஓர் ஆற்றலைக் கருதிக் கட்டப்பட்டது. நொய்யலின் வெள்ளத்தைக் கருதிக் கட்டிய அணையின் முன் காவிரி வெள்ளத்தைத் திருப்பலாமோ? 10 மீட்டர் தளத்தில் .22-ஐயும், .22 தளத்தில் பெருங்குழல் ரைபிளையும் மறுப்பது இதுபற்றியே.

மறுக்கப்படும் வகைகள்

முதலாவது, எஃகு நடுவுடைய குண்டு. குண்டின் உள்ளே ஈயத்திற்குப் பதிலாகவோ ஈயத்தோடு கூடவோ கடினமான எஃகு வைத்துக் கவசத்தைத் துளைப்பதற்காகப் படைகளுக்குச் செய்வது. நம் கோயமுத்தூர் வார்ப்படச் சாலைகளில் வேலை பார்த்தவர் எவரும் இதன் தீங்கை உடனே உணர்வர். மெல்லிய ஈயம் எஃகுத் தகட்டில் மோதினால் தட்டையாகிச் சிதறித் தகட்டின் வழியே சரிந்து கீழே விழும். கடின எஃகு மோதினால் தகட்டில் குழி விழும். குழி விழுந்த தகடு வழவழப்பான தகடு போல் குண்டைக் கீழே சரிக்காது. அடுத்து வரும் ஈயக் குண்டின் சிதறலைச் சுட்டவனை நோக்கியே திருப்பி அனுப்பும். இங்கு ஒன்றை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். எஃகுக் குண்டைச் சுட்டவனுக்கு அன்று ஒன்றும் நேராமற் போகலாம். மறுநாள் விதிப்படி ஈயக் குண்டைச் சுடும் குற்றமற்ற ஒருவன் அதன் பயனை அனுபவிப்பான்.

இரண்டாவது, எஃகு உறை போர்த்த குண்டு. உள்ளே ஈயம், வெளியே செம்பு மினுக்கிய மெல்லிய எஃகு. கண்ணுக்குச் செம்பாகவே தோன்றும். இதனை அறியவே சுடுதள மேற்பார்வையாளர் காந்தத்தைக் கையில் வைத்திருக்கின்றனர். பொற்கொல்லனுக்கு உரைகல் எப்படியோ அப்படியே இவர்க்குக் காந்தம். ஆயினும் உரைகல்லைப் போல இது நுட்பமாக வேறுபடுத்திக் காட்டாது. எஃகு நடுவிலும் ஒட்டும். எஃகு உறையிலும் ஒட்டும். எஃகுக் கூட்டிலும் ஒட்டும். ஆகவே காந்தத்தைக் கூட்டில் வையாமல் குண்டின் நுனியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டினால் உள்ளே இருப்பது இன்னதென்று அறுத்துப் பார்த்தாலன்றித் தெரியாது. ஆகையால் பல தளத்தார் ஒட்டியதை எல்லாம் மறுத்துவிடுவர். இது அநியாயம் என்று தோன்றலாம். ஐயத்தின் பயனைத் தோட்டாவுக்கு அளிப்பதினும் மனிதனுக்கு அளிப்பதே நியாயம் என்பது எம் கருத்து.

மூன்றாவது, செல்லும் வழியை ஒளியால் காட்டும் தீச்சுவடுக் குண்டும், தீ மூட்டும் குண்டும். கோடையில் கொங்கு நாட்டுப் புல்வெளி எப்படிக் காய்ந்து கிடக்கும் என்பதை அறிந்தவர்க்கு இதன் காரணத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. இத்தகைய குண்டுகளின் நுனியில் படைகள் நிறம் தீட்டுவது வழக்கம். ஆயினும் நாட்டுக்கு நாடு நிறம் வேறுபடும். நிறம் தீட்டிய நுனியுடைய தோட்டா எதுவாயினும், அதன் பொருள் தெரியும் வரை ஒதுக்கி வைப்பதே அறிவுடைமை.

நான்காவது, பிறர் வீட்டிலே மருந்து நிரப்பிய தோட்டா. மருந்து மிகுந்தால் குழல் வெடிக்கும். குறைந்தால் குண்டு குழலிலேயே சிக்கும். அதன் பின் மற்றொன்றைச் சுடுபவன் கதி என்னாகும் என்பதை எண்ணிக் கொள்க. மூல அட்டைப் பெட்டியும் அதில் அச்சிட்ட தொகுதி எண்ணும் இல்லாத தோட்டாவைத் தளத்தார் ஐயுறுவது இதனாலேயே.

ஐந்தாவது, மிகப் பழைய தோட்டா. நெடுநாள் ஈரத்திற் கிடந்த கேப்பு, ஊசி அடித்தவுடன் பற்றாமல் சற்றுப் பொறுத்துப் பற்றுவதுண்டு. 'வெடிக்கவில்லையே' என்று உடனே பூட்டைத் திறப்பவன் கையும் கண்ணும் இழக்கக்கூடும். அத்தகைய வேளையில் குழலை இலக்கை நோக்கியே அரை நிமிஷமேனும் பிடித்திருந்து, மேற்பார்வையாளரை அழைத்தல் வேண்டும்.

இனி, விரியும் குண்டைப் பற்றி ஒரு சொல். கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்யப்பட்ட குண்டினால் 'டம்டம்' என்னும் பெயர் உலகெங்கும் பரவியது. உடலிற் பாய்ந்து விரியும் குண்டுகளைப் போரில் விலக்குவதென 1899-ஆம் ஆண்டு ஹேகு நகரில் பல நாடுகள் உறுதி செய்தன. இதனைக் கேள்வியுற்ற சிலர், சுடுதளத்திலும் அதே காரணம் பற்றியே அவை மறுக்கப்படுகின்றன என்று எண்ணுகின்றனர். அது பிழை. அஃது போர்விதி. சுடுதளமோ மனித உடலைக் கருதி அன்று, தடுப்பு மேட்டையும் பந்தய விதியையும் கருதியே பேசுகின்றது. உலகப் பந்தய விதி .22-க்கு ஈயமோ அதனை ஒத்த மெல்லிய உலோகமோ ஆகிய குண்டையே ஏற்கின்றது. விதியின் காரணத்தை மாற்றி உணர்தலும் ஒரு வகை அறியாமையே.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் எம் பழைய மாணவர் ஒருவர் புதிதாகக் காற்றுத்துப்பாக்கி வாங்கி, எம்மையும் உடன் அழைத்துக்கொண்டு ஒரு சுடுதளத்திற்குச் சென்றார். ரவை நிறைந்த புட்டி ஒன்று அவர் கையில் இருந்தது. செம்பு போல் மின்னும் உருண்டை ரவைகள். மேற்பார்வையாளராகிய முதியவர் அதனை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து சிறு காந்தத்தை எடுத்துப் புட்டியின் வெளியே வைத்து மெல்ல உயர்த்தினார். ரவைகள் அனைத்தும் கொத்தாகக் காந்தத்தைத் தொடர்ந்து கண்ணாடிமேல் ஏறின.

"தம்பி, இது ஈயம் இல்லைங்க; செம்பு பூசின எஃகு. தகட்டிலே பட்டா உங்க கண்ணுக்கே திரும்பி வரும், குழலோட வரியும் தேஞ்சு போகும்" என்றார்.

நண்பருக்குச் சினம் மூண்டது. 'விலை கொடுத்து வாங்கிய பொருள், கடைக்காரர் 4.5 மில்லிமீட்டர் என்று சொல்லியே கொடுத்தார்' என்று வாதிட்டார். முதியவர் மறுமொழி கூறாமல், தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். அதன் இடப்புறச் சில்லில் அரிசி அளவு ஒரு வடு இருந்தது. "இது எங்கே பட்டதுன்னு கேக்காதீங்க. கண்ணாடி இல்லீன்னா என்ன ஆயிருக்கும்னு மட்டும் நெனைச்சுப் பாருங்க" என்றார். நண்பர் புட்டியைப் பையில் இட்டு மூடினார். தட்டைத் தலை ஈய ரவைப் பெட்டி ஒன்றைத் தளத்திலேயே வாங்கிக்கொண்டு அன்று மாலை வரை சுட்டார். அளவு பொருந்துவது வேறு, தகுதி பொருந்துவது வேறு என்பதை யாமும் அன்று கற்றோம்.

சட்டம் கூறுவது

தளத்தின் விதிக்கு மேல் நாட்டின் சட்டம் உளது. 1878-ஆம் ஆண்டின் பழைய ஆயுதச் சட்டத்தின் இடத்தில் வந்தது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதன் 13-ஆம் பிரிவு, மத்திய அரசாங்கத்தின் உரிமமோ அங்கீகாரமோ பெற்ற ரைபிள் சங்கத்தின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்காகப் பயன்படுத்தும் .22 ரைபிளையும் காற்றுத்துப்பாக்கியையும் தனியே எடுத்துக் கூறுகின்றது. பயிர்க் காவலுக்காக வாய்வழி மருந்திடும் துப்பாக்கி வைத்திருக்கும் குடியானவரையும் அதே பிரிவு குறிக்கின்றது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழலோ உடைய காற்றுத்துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவரும் தம் உரிமச் சீட்டில் குறித்த வகைத் தோட்டாவைக் குறித்த அளவிற்கு மேல் வாங்குதல் ஆகாது. படைகளுக்கே உரிய .303 போன்ற குழல்கள் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டவை; .315 போன்ற வேட்டை ரைபிள்கள் அவ்விலக்கிற்கு உட்படாதவை. சட்டம் ஏற்பதனால் மட்டும் தளமும் ஏற்றுவிடும் என்று எண்ணற்க. .315 ரைபிளுக்கு உரிமம் உடையவர் .22 தளத்தில் அதனைச் சுட இயலாது.

இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது; லோக் சபையின் முதற் சபாநாயகராகிய மாவலங்கர் அதன் தோற்றத்திற்குக் காரணராயினார். அவர் பெயராலேயே இன்றும் அகில இந்தியப் பந்தயம் நடைபெறுகின்றது. கோயமுத்தூரில் அவினாசிச் சாலையை அடுத்த காவற் பயிற்சிப் பள்ளி வளாகத்தில் கோயமுத்தூர் ரைபிள் சங்கம் உளது. பழக விரும்பும் மாணாக்கர் இத்தகைய சங்கத்தின் வழியாகவே செல்லுதல் வேண்டும். தனித்துத் தோட்டத்திலோ மலைச்சாரலிலோ சுட்டுப் பழகுதல் சட்டத்திற்கும் அறிவிற்கும் ஒவ்வாது.

ஒரு குண்டு செல்லும் தூரம்

.22 குண்டு சிறிது என்று இகழ்வாருண்டு. தடையின்றிச் சென்றால் அது ஒரு மைலுக்கு மேலும் செல்லும். .303 போன்றவை இரண்டு மைலுக்கு அப்பாலும் செல்லும். இதனை வெறுங் கணக்காக எண்ணற்க. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே காவல் துறையின் சுடுதளத்தில் பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அவ்வேளையில், தளத்தின் எல்லைக்கு வெளியே இருந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் அவன் இறந்தான். அவனுக்குத் துப்பாக்கியோடு எத்தொடர்பும் இல்லை. அவன் செய்தது அவ்வூரில் இருந்தது ஒன்றே.

பயின்ற படையினர் சுடும் தளத்திலேயே இது நிகழ்ந்ததெனின், பழகாத நாம் எவ்வளவு விழிப்போடிருத்தல் வேண்டும்! சுடுதளம் என்பது சுடுவோர்க்கும் சுற்றிலும் வாழ்வோர்க்கும் இடையே உள்ள ஓர் உடன்படிக்கை. 'இந்த மேட்டிற்குள் எங்கள் குண்டு நிற்கும். நீங்கள் அச்சமின்றி ஆடு மேய்க்கலாம், வாசலில் உட்கார்ந்து சோறு உண்ணலாம்' என்று சுடுவோர் அளிக்கும் வாக்கு அது. தளம் ஏற்காத தோட்டாவைப் பையில் மறைத்துக் கொண்டு செல்பவன் அவ்வாக்கையே பொய்யாக்குகின்றான்.

தேர்ந்தெடுக்கும் முறை

இதுகாறும் கூறியவற்றால், தோட்டாவைத் தேரும் முறை தானே விளங்கும். முதலில் தளத்தின் எழுதிய விதியைப் பெற்றுப் படிக்க. விலை கொடுப்பதற்கு முன் படிக்க வேண்டும். கொடுத்த பின் அன்று. அடுத்து, துப்பாக்கியின் குழலில் பொறித்த பெயரும் பெட்டியில் அச்சிட்ட பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று நோக்குக. '.22' என்பது மட்டும் போதாது; .22 மாக்னம் என்பது .22 லாங் ரைபிளினும் பருத்து நீண்ட வேறொரு தோட்டா. பின்னர்க் குண்டின் பொருளைக் காண்க: காற்றுத்துப்பாக்கிக்குத் தட்டைத் தலை ஈய ரவை; .22-க்கு உறையில்லாத ஈயக் குண்டு. தட்டைத் தலை ரவை காகித இலக்கில் வட்டமாக, ஐயமின்றி அளக்கத்தக்க துளையிடும். பத்து மதிப்புள்ள நடு வட்டம் காற்றுத்துப்பாக்கிப் பந்தயத்தில் 0.5 மில்லிமீட்டர் அளவினதே ஆகலின், துளையின் ஒழுங்கு பெரிதும் வேண்டப்படும்.

வேகத்தைப் பற்றிப் பலர் மயங்குவர். மிகுவேகத் தோட்டா நேரே செல்லும் என்பது பொதுவான எண்ணம். ஒலி நம் ஊரின் வெப்பத்தில் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்லும். சாதாரண வேக .22 குண்டு அதற்குட்பட்டே செல்வது. மிகுவேகக் குண்டோ ஒலியினும் விரைந்து புறப்பட்டு, வழியில் வேகம் குறைந்து ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பை மிகுதியாக ஏற்கும். பக்கக் காற்றும் அதனை அதிகம் தள்ளும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கோயமுத்தூர்ச் சமவெளியில் வீசும் காற்றை நாம் அறிவோம். திறந்த 50 மீட்டர் தளத்தில் அக்காற்றில் சுடுபவர்க்கு அமைதியான சாதாரண வேகத் தோட்டாவே துணை. பந்தய வீரர் அதனையே கொள்வதும் இதனால்தான்.

இறுதியாக, ஒரே வகைத் தோட்டாவாயினும் தொகுதிக்குத் தொகுதி சிறிது வேறுபடும். பருத்தி வாங்கும் ஆலைக்காரர் ஒவ்வொரு பொதியிலும் இழையை இழுத்துப் பார்ப்பது போல, வெவ்வேறு தொகுதியில் சிலவற்றை வாங்கி, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துப் பத்துப் பத்தாகச் சுட்டு, துளைகள் எதில் நெருங்கி விழுகின்றன என்று காண்க. நெருங்கி விழும் தொகுதி எண்ணையே மிகுதியாக வாங்குக. விலை உயர்ந்ததே நம் குழலுக்குப் பொருந்தும் என்பது இல்லை. சுட்டு முடித்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவைத் தொடாதிருக்க, ஈயம் நஞ்சு.

மாணவ அன்பர்காள், மேற்பார்வையாளர் உங்கள் தோட்டாவை மறுத்தால் சினவாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள், அவர் மகிழ்ந்து சொல்லுவார். காரணம் விளங்காவிடினும் அன்று அவர் சொல்லுக்கு அடங்கிப் போங்கள். மேட்டிற்கு அப்பால் யார் இருக்கின்றார் என்பது சுடும் இடத்திலிருந்து நமக்குத் தெரியாது. தெரியாத அவருக்காகவே அம்முதியவர் காந்தத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்கின்றார்.